ரெய்டு இருந்தும் படங்கள் போவது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம். ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரித் துறைதான் ஞாபகத்துக்கு வரும். நான் பேசப்போவது கணினிக்காரர்களின் ரெய்டு. பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல இயங்க வைக்கும் ஏற்பாடு அது.

இந்தப் பெயர் பரவியது 1988-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையால். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் ஆகியோர் எழுதியது. பெரிய கணினிகளுக்கு விலை உயர்ந்த, பெரிய டிஸ்க் வாங்குவதற்குப் பதிலாக, சின்ன, மலிவான டிஸ்க்குகளை நிறையச் சேர்த்தால் என்ன என்று கேட்டார்கள். சிக்கலையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வையுங்கள். 100 டிஸ்க் சேர்ந்தால், 300 மணி நேரத்துக்கு ஒன்று படுத்துவிடும். இரண்டு வாரம்கூடத் தாங்காது!

அதனால்தான் உபரியாகக் கொஞ்சம் தகவல் வைக்க வேண்டியிருக்கிறது. எளிய வழி மிரரிங், அதாவது ரெய்டு 1. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது. பாதி இடம் போய்விடும், ஆனால் குழப்பமில்லை. ரெய்டு 0 இதற்கு நேர்மாறு: தகவலைத் துண்டாக்கிப் பிரித்து எழுதும், வேகம் கிடைக்கும், பாதுகாப்பு பூஜ்யம். ஒன்று போனால் எல்லாமே போச்சு.

எனக்குப் பிடித்தது பாரிட்டி, அதாவது தொலைந்ததைக் கணக்குப் போட்டு மீட்க உதவும் உபரி எண். மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று இருக்கிறது. நான்காவதில் ஒரு எண் எழுத வேண்டும். மொத்தத்தில் ஒன்றுகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் இருப்பதால் 0 எழுதுகிறோம். இப்போது முதல் டிஸ்க் செத்துவிட்டது. மீதி 0, 1, 0. ஒற்றைப்படையாக இருக்கிறதே, அப்படியானால் தொலைந்தது 1. எந்த டிஸ்க் போனாலும் இதே கணக்குதான். ரெய்டு 5 இந்தப் பாரிட்டியை எல்லா டிஸ்க்குகளிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. ரெய்டு 6-ல் இரண்டு வகைக் கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டு போனாலும் மீளலாம்.

இன்றைய பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5-ஐ நான் சிபாரிசு செய்வதில்லை. புது டிஸ்க் போட்டதும் பழைய தகவலைக் கணக்குப் போட்டு நிரப்புவதற்கு ரீபில்ட் என்று பெயர். 12 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் கிட்டத்தட்ட 17 மணி நேரம். நடுவில் வேறு வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். அத்தனை நேரமும் மீதி டிஸ்க்குகள் முழுவதும் படிக்கப்படுகின்றன. ஒன்றாக வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வயதுடையவை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் இன்னொன்றும் போனால் ரெய்டு 5-ல் எல்லாமே போச்சு.

இன்னொரு தொல்லை, டிஸ்க் ஒன்று செத்ததே பலருக்குத் தெரியாது. டிஸ்க்குகள் இருக்கும் பெட்டி வழக்கம்போல ஓடும். பீப் சத்தத்தை யாராவது அணைத்திருப்பார்கள். இரண்டாவது போகும்போதுதான் முதலாவது போனதே தெரியவரும். வாங்கிய அன்றே மின்னஞ்சல் எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள்.

சரி, ரெய்டு இருந்தால் பேக்கப், அதாவது தனியாக ஒரு பிரதி, வேண்டாமா? ஸ்டுடியோ நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். கல்யாணப் படங்களைத் தவறி அழித்தால் மிரரிங் அதை இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியே அழித்துவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். பட்ஜெட் குறைவென்றால் இரண்டு டிஸ்க் பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தில் தனி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். படங்களைப் பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். நன்றி, வணக்கம்.