டேப் விசை எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். இணையப் பக்கத்தில் 'அழி' என்ற பொத்தானைத் தட்டியதும் பக்கம் மங்கி, "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று நடுவில் ஒரு பெட்டி எழுகிறதல்லவா? அந்த டயலாக் பெட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

உலாவியிலேயே அலர்ட், கன்ஃபர்ம் என்று இப்படிப்பட்ட பெட்டிகள் தயாராக இருக்கின்றன. ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் அவற்றின் தோற்றத்தை மாற்ற முடியாது. பதில் வரும்வரை பக்கத்தின் நிரலும் அசையாமல் நிற்கும். அதனால்தான் பூட்ஸ்ட்ராப், ஸ்வீட்அலர்ட்2 போன்ற திறமூல நூலகங்களை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்புகளைத் தேடிப் போகிறோம். இரண்டுக்கும் எம்ஐடி உரிமம். விற்கிற மென்பொருளில்கூடச் சேர்க்கலாம். பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது.

'இதற்கெல்லாமா நூலகம்?' என்று ஒருமுறை நானே எழுதிப் பார்த்தேன். ஒரு டிவ் (பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்), கொஞ்சம் நிழல், இரண்டு பொத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையைத் தட்டினேன். முதல் தட்டில் 'சரி', அடுத்ததில் 'வேண்டாம்', மூன்றாவதில் ஃபோகஸ், அதாவது விசைத் தட்டல் எந்த உறுப்புக்குப் போகும் என்ற குறி, பெட்டியைவிட்டு நழுவி, பின்னால் மங்கிக் கிடந்த படிவத்துக்குள் போய்விட்டது! திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்குப் பெட்டி திறந்ததே தெரிந்திருக்காது.

நல்ல நூலகம் டேப்பைப் பெட்டிக்குள்ளேயே சுற்றவிடும். எஸ்கேப் தட்டினால் மூடும். மூடியதும், முதலில் தட்டிய பொத்தானுக்கே ஃபோகஸைத் திருப்பித் தரும். தோற்றத்தைவிட இதைத்தான் நான் முதலில் சோதிப்பேன்.

இப்போது இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லிலேயே டயலாக் என்ற உறுப்பு இருக்கிறது. குரோமில் 2014-இலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் வர 2022 மார்ச் ஆனது. ஒன்றிரண்டு எளிய கேள்விகளுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. உள்ளீட்டுச் சரிபார்ப்பு, படிப்படியான கேள்விகள் என்று வேலை பெருகினால் நூலகம் கைகொடுக்கும்.

ஆனால் நூலகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜேகுவெரி யூஐ என்ற நூலகத்தின் டயலாக்கில், மூடும் பொத்தானுக்குத் தருகிற எழுத்து வழியாகவே அன்னிய நிரல் நுழையக்கூடிய ஓட்டை இருந்தது, 1.12 பதிப்பில்தான் அடைத்தார்கள். பயனர் தட்டச்சு செய்ததைப் பெட்டியில் காட்டும்போது எச்டிஎம்எல்லாகக் கொடுக்காமல் வெறும் எழுத்தாகவே கொடுங்கள்.

இன்னொன்று. ஸ்வீட்அலர்ட்2 திறக்கும்போது ஃபோகஸ் வழக்கமாக 'சரி'யில் நிற்கும். அழிக்கிற கேள்வியில் அது ஆபத்து. ஃபோகஸ்கேன்சல் என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். அவசரத்தில் என்டர் தட்டினாலும் கோப்பு பிழைக்கும். வணக்கம்.