ஜீன்ஸ் போட்டால் ஃபவுலா?

வணக்கம் நேயர்களே. உடையைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நான் என்ன உடுத்திக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பூல் மேசையருகே நிற்பவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சட்டைக்குக் காலர் இருக்கிறதா, பேன்ட் என்ன துணி, காலில் கிடப்பது ஷூவா செருப்பா என்று எல்லாவற்றையும் கவனிக்க ஒருவர் இருப்பார். சர்வதேசப் போட்டியென்றால் அதற்கு எழுதிவைத்த விதியே உண்டு. அந்த விதியைப் பற்றித்தான் இன்று பேசலாமென்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ், பூல் மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பன்னிரண்டு அடி மேசையில் நிறையச் சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளுமாக ஆடுவது ஸ்நூக்கர். வெயிஸ்ட்கோட்டும் பௌ டையும் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் நிதானமாக ஆடுகிறார்களே, அதுதான். பூல் மேசை சின்னது. பெரிய போட்டிகளில் ஒன்பது அடி. எண் போட்ட பந்துகள், கொஞ்சம் தாராளமான பாக்கெட்டுகள், விறுவிறுப்பான ஆட்டம். எய்ட் பால், நைன் பால், டென் பால் என்று அதில் பல வகை. வணிக வளாகங்களில் விளையாட்டுக் கூடம் என்று போட்டு நான்கு மேசை போட்டிருந்தால் அது பெரும்பாலும் பூல்தான்.

உலகப் பூல் பில்லியர்ட் சங்கம், சுருக்கமாக டபிள்யூ.பி.ஏ., 1987இல் உருவான அமைப்பு. அதன் போட்டி ஒழுங்குமுறைகளில் உடைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை அல்லது போலோ சட்டை. நிறம் அவரவர் இஷ்டம். டி-ஷர்ட் கூடாது. கீழே சுத்தமான, நல்ல நிலையிலுள்ள முழு பேன்ட். டெனிம், எந்த நிறமானாலும், கூடாது. "கறுப்பு ஜீன்ஸ்தானே சார், தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்" என்று வருபவருக்கு அந்த "எந்த நிறமானாலும்" முன்கூட்டியே வழியடைத்துவிடுகிறது. ஷூ உடைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்; ஸ்னீக்கரும் செருப்பும் ஆகாது. தோலிலோ தோல் போன்ற பொருளிலோ செய்த விளையாட்டு ஷூ என்றால் போட்டி இயக்குநர் பார்த்து முடிவெடுப்பார். பெண்களுக்கும் ஏறக்குறைய இதேதான். அவர்கள் ஸ்கர்ட் போடலாம், ஆனால் அது முழங்காலை மறைக்க வேண்டும். விதியை மீறினால் போட்டியிலிருந்தே நீக்கவும் இடமிருக்கிறது.

இதில் எது ஆட்டத்துக்காக, எது பார்வைக்காக? எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். நான் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஆட்டத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. பூல் விதிப்படி ஆட்டக்காரர் கியூ என்ற ஆட்டக் கோலின் நுனியால் வெள்ளைப் பந்தை அடிக்கலாம்; மற்றபடி மேசை மேலுள்ள எந்தப் பந்தையும் எதனாலும் தொடக் கூடாது. அவர் கை, அவர் முடி, அவர் சாக்குக்கட்டி, அவர் சட்டை எல்லாமே அவர் பொறுப்பு. சட்டை நுனி பந்தைத் தொட்டாலும் ஃபவுல்தான். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் நான் ரெஃப்ரியாக நின்றபோது இதை மிக அருகிலிருந்து பார்த்தேன். ஒரு பையன், நல்ல கைவரிசை. மேல் பொத்தான்கள் திறந்த தொளதொள சட்டை, டக் இன் செய்யவில்லை. வெள்ளைப் பந்து மேசையின் நடுவில் கிடக்கிறது. எட்டி ஆட வேண்டும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு தொடையைக் குஷன் விளிம்பில் ஏற்றி, உடம்பை நீட்டிக் குனிகிறான். கண் முழுக்கக் குறியில் இருக்கிறது. அவன் வயிற்றுக்குக் கீழே நாலாம் எண் பந்து. சட்டையின் தொங்கல் அதன் தலையைத் தடவி, நூலளவு நகர்த்திவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பார்த்தார், நான் பார்த்தேன், நாலைந்து பார்வையாளர்கள் பார்த்தார்கள். அவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஃபவுல் என்றதும் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போனது. விரும்பிய இடத்தில் வைத்து ஆடிக்கொள்ளலாம். நைன் பாலில் அப்படி ஒரு வாய்ப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் அந்த ஆட்டமே போய்விடும்.

பல அமெச்சூர் போட்டிகளில் வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டுமே ஃபவுல் என்று வைத்துக்கொள்கிறார்கள். மற்றப் பந்து நகர்ந்தால் எதிராளியின் சம்மதத்தோடு இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஆடலாம். அங்கே பழகியவர்கள் பெரிய போட்டிக்குப் போகும்போதுதான் சட்டையால் மாட்டிக்கொள்கிறார்கள். வெயிஸ்ட்கோட் என்ற சமாசாரத்துக்கும் இந்த வகையில் ஒரு பயன் உண்டு. சட்டையை உடம்போடு இறுக்கிப் பிடித்துவைக்கிறது. நீளமான டை கட்டிக்கொண்டு மேசை மேல் குனிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், பௌ டையின் அருமை புரியும்.

ஷூவிலும் ஒரு கதை இருக்கிறது. கியூ நுனி வெள்ளைப் பந்தைத் தொடும் அந்த நொடியில் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. மேசையின் உயரம் சுமார் 30 அங்குலம்தான். ஆனால் ஆடுபரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். குட்டையானவர்கள் நடுமேசைக்கு எட்ட முடியாமல் தவிப்பார்கள். அப்படியானால் அரையடிக்கு அடிப்பாகம் வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தால் போயிற்று, இல்லையா? யாரோ முன்பே யோசித்திருக்கிறார்கள் போலும். காலணி அளவிலும் வடிவிலும் அணியும் விதத்திலும் இயல்பானதாக இருக்க வேண்டும் என்று பழைய அமெரிக்க விதிப் புத்தகங்களில் ஒரு வரியே சேர்த்துவைத்திருந்தார்கள். "அணியும் விதத்திலும்" என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஷூவை எப்படிப் போட்டுக்கொண்டு வந்து யார் என்ன செய்தாரோ!

சரி, ஜீன்ஸ் என்ன பாவம் செய்தது? அது பந்தைத் தொடாது. தொளதொளவென்று இருக்காது. அதன் உலோகக் குமிழ்கள் மேசை விளிம்பைக் கீறும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் பெல்ட்டின் பக்கிளும் கீறத்தான் செய்யும், அதை யாரும் தடுக்கவில்லை. ஜீன்ஸ் தடைக்கான காரணத்தை மேசையில் தேடினால் கிடைக்காது. பூலுக்கு அந்தக் காலத்தில் இருந்த கெட்ட பெயரில் தேட வேண்டும்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்கள் இருந்தன. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆட்கள் போரடித்துப் போகாமல் இருக்க அங்கே இந்த மேசைகளைப் போட்டுவைத்தார்கள். சூதாட்டக் கூடத்தின் கெட்ட பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு ஊர் ஊராகப் போய், ஆடத் தெரியாதவர்போல நடித்து, பணம் வைத்து ஆடிப் பிடுங்குகிற ஆட்கள் வேறு. பூல் ஆடுகிறவன் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்கிற அளவுக்குப் பெயர் கெட்டுக் கிடந்தது.

அந்தப் பெயரைத் துடைக்க வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவர் வில்லி மொஸ்கோனி. 1913இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அவருடைய அப்பாவே பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்தவர்தான். ஆனாலும் மகன் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று பந்துகளை ஒளித்துவைக்க, பையன் உருளைக்கிழங்கையும் துடைப்பக் கட்டையையும் வைத்துப் பழகினான் என்று சொல்வார்கள். வளர்ந்து, 1941க்கும் 1957க்கும் இடையே 15 முறை உலகப் பட்டம் வென்றார். 1954இல் ஓஹாயோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் பாக்கெட்டில் போட்டார். அவருடைய பழைய படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் கோட்டும் டையுமாகத்தான் இருப்பார். இது மரியாதையான விளையாட்டு, நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்று உடையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைய டெனிம் தடை அந்த மனநிலையின் வாரிசுதான். ஒலிம்பிக்கில் நுழைய வேண்டும், விளம்பரதாரர் வர வேண்டும், தொலைக்காட்சியில் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலைகளும் பின்னால் சேர்ந்துகொண்டன.

ஸ்நூக்கருக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. அது பிறந்த இடம் அப்படி. 1875 வாக்கில் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் தோன்றி, 1880களில் நம் ஊட்டி கிளப்பில் விதிமுறை கண்ட ஆட்டம் அது. இரவுச் சாப்பாட்டுக்கு உடுத்திய உடையோடு ஆடினார்கள், அதுவே சீருடையாக நின்றுவிட்டது. ஆனால் அங்கேயும் கழுத்து கழுத்துதானே! ஸ்டீஃபன் மக்வையர் என்ற ஸ்காட்லாந்து வீரர் கழுத்துப் பிரச்சினைக்கு மருத்துவச் சான்று வாங்கி, பௌ டை இல்லாமல் ஆட அனுமதி பெற்றவர். 2014இல் யு.கே. சாம்பியன்ஷிப்புக்குக் கணுக்கால் எலும்பு முறிந்த நிலையில் வந்தார் ரானி ஓ'சல்லிவன். காலணி தொல்லை தர, கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சாக்ஸோடு கொஞ்ச நேரம் ஆடினார். அந்தப் போட்டியில் ஸ்நூக்கரின் உச்சமான 147 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்ததும் அவர்தான், பட்டம் வென்றதும் அவர்தான். இன்னும் ஒருபடி மேலே போனவர் மார்க் வில்லியம்ஸ். 2018இல் உலகப் பட்டம் வென்றால் உடையே இல்லாமல் பத்திரிகையாளர்களைச் சந்திப்பேன் என்று வாய்விட்டிருந்தார். வென்றார். துண்டைக் கட்டிக்கொண்டு வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நல்லவேளை, உடை விதி ஆட்டத்துக்கு மட்டும்தான்.

இதற்கு நேரெதிராக, உடையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜெனட் லீ, புரூக்ளினில் பிறந்த கொரிய வம்சாவளிப் பெண். 1990களில் பெண்கள் பூலில் முதலிடத்தில் இருந்தவர். தலை முதல் கால் வரை கறுப்பு, கையில் கறுப்புக் கையுறை. "கருப்பு விதவைச் சிலந்தி" என்ற பட்டப்பெயர். முதுகெலும்பு வளைவு நோயால் எத்தனையோ அறுவைச் சிகிச்சைகள் பார்த்த உடம்பு அது. பூல் தெரியாத அமெரிக்கர்களுக்கும் அவரைத் தெரிந்தது. நேர்த்தியாக இரு என்று விதி சொன்னதை அவர் எனக்கென்று ஒரு தோற்றம் என்று மாற்றிக்கொண்டார். விதியின் ஒரு வரியையும் மீறவில்லை.

உடை விதி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் செஸ் உலகம் சமீபத்தில் ஒரு பாடம் நடத்தியது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2024 டிசம்பர், நியூயார்க், உலக ரேபிட், அதாவது விரைவு ஆட்டப் போட்டி. மேக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸில் வந்தார். 200 டாலர் அபராதம். உடனே மாற்றிவிட்டு வா என்றார்கள், நாளையிலிருந்து மாற்றிக்கொள்கிறேன் என்றார். அடுத்த சுற்றில் ஆடவிடவில்லை. போட்டியை விட்டே வெளியேறினார். இரண்டொரு நாளில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே விதியைத் தளர்த்தியது, அவர் அடுத்து நடந்த பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டப் போட்டிக்குத் திரும்பினார். பிற்பாடு அந்த ஜீன்ஸ் ஏலத்தில் 36,000 டாலருக்கு மேல் போனது. உலகின் முதல்நிலை வீரரை இழந்துவிட்டு விதியைக் கட்டிக்கொண்டு உட்கார எந்தச் சங்கத்தாலும் முடியாது என்பதுதான் நடந்தது. அதே ஜீன்ஸோடு பட்டியலில் நூறாவது இடத்திலிருக்கும் ஒருவர் வந்திருந்தால்? பேசாமல் ஓட்டலுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பார்.

வேட்டியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். 2014இல் சென்னை கிளப் ஒன்றில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியிருந்தார் என்று உள்ளே விடாமல், அது சட்டமன்றம் வரை போய், வேட்டிக்குத் தடை போடும் கிளப்புகளுக்கு எதிராக அதே ஆண்டில் சட்டமே வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆகவே பூல் மேசை உள்ள கிளப்புக்கு வேட்டியோடு போவதை யாரும் தடுக்க முடியாது. டபிள்யூ.பி.ஏ. போட்டியில் ஆட மட்டும் பேன்ட் வேண்டும். சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நடைமுறையை யோசித்தாலும் வேட்டி கஷ்டம்தான். மடித்துக் கட்டினால் தொங்கல் பந்தில் படாது, உண்மை. ஆனால் ஒரு தொடையைத் தூக்கிக் குஷனில் போட வேண்டி வரும்போது நம் கவனம் ஒன்பதாம் பந்தில் இருக்காது.

என்னைக் கேட்டால் காலரும் முழு பேன்ட்டும் இருக்கட்டும், ஜீன்ஸ் தடையை எடுத்துவிடலாம். நம் மாவட்ட அளவிலான போட்டிகளுக்கு வரும் கல்லூரிப் பையன்கள் பலரிடம் நல்ல பேன்ட் என்று இருப்பதே ஜீன்ஸ்தான். போலோ சட்டை 300, 400 ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது, பரவாயில்லை. அதற்கு மேல் தோல் ஷூ, தைத்த பேன்ட் என்று கேட்டால் நுழைவுக் கட்டணத்தைவிட உடைச் செலவு ஏறிவிடும். ஏசி இல்லாத கூடத்தில் மே மாதம் முழுக்கைச் சட்டை போடச் சொல்வதும் அப்படித்தான். உள்ளங்கை வியர்த்தால் கியூ வழுக்காமல் ஒட்டும். பவுடரும் கையுறையும் கொண்டு சமாளிக்க வேண்டும்.

டபிள்யூ.பி.ஏ. விதியில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. விமான நிறுவனம் பெட்டியைத் தொலைத்துவிட்டாலோ, உடல்நலக் காரணம் இருந்தாலோ, விதிக்குப் பொருந்தாத உடையிலும் ஆட இயக்குநர் அனுமதிக்கலாம். இன்னொரு வரியும் உண்டு: உடையைப் பற்றிச் சந்தேகமிருந்தால் ஆட்டத்துக்கு முன்பே இயக்குநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல்முறையாகப் போட்டிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டாவது வரியை மறக்காதீர்கள். முந்தின நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அப்புறம், புது ஷூ வாங்கினால் ஒரு வாரமாவது போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். போட்டியன்று காலையில்தான் அது கடிக்கத் தொடங்கும். நன்றி, வணக்கம்.