டகோட்டா விமானம் படத்தில் ஏன் பொம்மை மாதிரி தெரிந்தது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதைவிட்டுப் போகவே இல்லை. நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை நிகழ்ச்சி. டகோட்டாவை ஷட்டர் 1/2000 நொடி மட்டும் திறக்கும்படி வைத்து எடுத்தேன். படம் அவ்வளவு கூர்மை. ஆனால் வீட்டில், 'என்ன இது, நூலில் தொங்கவிட்ட பொம்மையா?' என்கிறார்கள். எங்கே தப்பு?"

தப்பே இல்லை ஐயா, கூர்மை கூடிவிட்டது. ரஃபேலுக்கு அந்த வேகம் சரி. ஜெட்டில் சுற்றுவதெல்லாம் உள்ளே. டகோட்டாவில் இரண்டு புரொப்பெல்லரும் வெளியே, கண்ணுக்கு முன்னால். அவை அசையாமல் நிற்க, விமானம் மட்டும் வானத்தில் நின்றால்? பொம்மைதான்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் கடைசியில் சைக்கிள் சக்கரத்துக்குத்தான் வருவேன். ஆரக்கால்களை எண்ண முடிந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறது. எண்ண முடியாவிட்டால் ஓடுகிறது. இங்கேயும் அதே கதை. நிதானமாகப் பறக்கும் டகோட்டாவின் புரொப்பெல்லர் நொடிக்கு ஏறத்தாழ 20 சுற்று சுற்றும். அந்தப் புரொப்பெல்லருக்கு மூன்று றெக்கைகள். ஒரு றெக்கை அடுத்த றெக்கையின் இடத்துக்கு வர 1/60 நொடி. ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் படத்தில் முழு வட்டம், 1/125 என்றால் பாதி வட்டம். உங்கள் 1/2000-ல் நாலு டிகிரிகூட நகராது.

சரி, 1/60-ல் பெரிய லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பது லேசில்லை. 1/125-ல் தொடங்குங்கள். காலை ஊன்றி இடுப்பிலிருந்து திரும்புங்கள். விமானம் தூரத்தில் வரும்போதே பின்தொடர ஆரம்பித்து, அழுத்திய பிறகும் நிறுத்தாமல் திரும்புங்கள். முக்கால்வாசிப் படம் குப்பைக்குத்தான் போகும். அன்று எனக்கும் 140-க்கு மூன்றுதான் தேறியது.

அந்த மூன்றிலும் ஒரு கூத்து. உச்சி வெயில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125; அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 16-க்குப் போய்விட்டது. அவ்வளவு சுருங்கினால் சென்சார் தூசி அத்தனையும் படத்தில் வந்துவிடும். வானம் முழுக்கக் காக்காய்க் கூட்டம்! வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. அப்புறம், பளிச்சென்ற வானத்தைப் பார்த்து கேமரா ஏமாறும். எக்ஸ்போஷரை (படத்துக்கு விழும் வெளிச்சத்தை) ஒரு படி கூட்டாவிட்டால் விமானத்தின் அடிவயிறு கரிக்கட்டைதான்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த டகோட்டாவின் உடம்பில் விபி 905 என்று எழுதியிருந்ததே, அது என்ன? 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் போய் இறங்கிய முதல் டகோட்டாவின் எண் அது. பிரிட்டனில் பழுது பார்த்து 2018-ல் விமானப்படைக்கு வந்த இந்த விமானத்துக்கு அதே எண்ணை வைத்தார்கள். பெயர் பரசுராமா.

என் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். புரொப்பெல்லர் அழகாகப் புகை வட்டம் போடுகிறது, எண்தான் கலங்கலாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. அதை அழித்துவிடாதீர்கள், எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.