கிராமபோன் ஸ்பீடு நிக்க மாட்டேங்குது, கவர்னர் ஸ்பிரிங் மாத்தணுமா?

வணக்கம்ங்க. ஒரு தம்பி கேட்டிருக்காரு, வீட்ல தாத்தா காலத்து எச்எம்வி 102 பெட்டி ஒண்ணு இருக்காம், சாவி குடுத்தா ஓடுதாம், ஆனா பாட்டு நடுங்கிட்டே வருதாம், திடீர்னு வேகமாகுது அப்புறம் இழுக்குது, ஸ்பீடு லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் பெருசா மாற மாட்டேங்குது, ஸ்பீடைக் கட்டுப்படுத்துற கவர்னர்ல இருக்குற ஸ்பிரிங் மூணையும் வாங்கி மாத்திடட்டுமாண்ணான்னு கேக்குறாரு.

அவசரப்படாதீங்க தம்பி. என்கிட்ட வர்ற பெட்டிங்கள்ல பாதிக்கு மேல ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கும், அதுக்கு எதிர்ல இருக்குற ஒரு சின்னத் தோல் துண்டு காஞ்சு போயிருக்கும், அவ்ளோதான் விஷயம்.

இதோ கையில வெச்சிருக்கேன் பாருங்க, இதான் கவர்னர். நடுவுல ஒரு தண்டு, அதைச் சுத்தி மூணு பட்டை ஸ்பிரிங், ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு குண்டு. தண்டோட ஒரு முனைல வார்ம்னு சொல்ற திருகு வெட்டியிருக்கு, டர்ன்டேபிள் தண்டுல இருக்குற பல்சக்கரம் இதைப் புடிச்சு சுத்த விடும். மேல தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்துதான், இது அதைவிடப் பல மடங்கு வேகமா சுத்தும். சுத்தும்போது என்னாகும்னா, திருவிழா ராட்டினத்துல தொங்குற நாற்காலி வெளிய விரியும்ல, அதே மாதிரி குண்டு மூணும் வெளிய விரியும், விரிஞ்சா ஸ்பிரிங் வில்லு மாதிரி வளையும், வளைஞ்சா இந்தப் பக்கம் இருக்குற வட்டத்தட்டை இழுக்கும், தட்டு போய் அந்தத் தோல்ல உரசும், உரசினா வேகம் குறையும். குறைஞ்சா குண்டு உள்ள வரும், தட்டு விலகும். இப்படியேதான் ஒரு ஸ்பீடுல நிக்குது. நீங்க தள்ளுற லீவர் இருக்கே, அது அந்தத் தோலை முன்னாடி பின்னாடி நகத்துறதோட சரி, வேற ஒரு வேலையும் செய்யாது. தோலே கல்லு மாதிரி ஆயிட்டா லீவரைத் தள்ளி என்ன பிரயோஜனம்? புடிக்கும், வழுக்கும், மறுபடி புடிக்கும், அதான் உங்க பாட்டு நடுங்குது.

இப்ப கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் மறக்காதீங்க. சாவி குடுத்தா முறுக்கிக்குற பெரிய ஸ்பிரிங்ல முறுக்கு இருக்கும்போது கவர்னரைத் தொடவே தொடாதீங்க. மேல இருக்குற டர்ன்டேபிள் தட்டை ஓட விடுங்க, தானா நிக்கட்டும், நின்ன பிறகும் விரலால சுத்திப் பாருங்க, இன்னும் தள்ளுதான்னு. நான் ஆரம்பத்துல அடுத்தவங்க பெட்டில இந்தத் தப்பைப் பண்ணேன். பாதி சாவி மிச்சம் இருந்துச்சு, கவர்னர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணேன், கிர்ர்ர்ருனு ஒரு சத்தம், ரெண்டு செகண்டுதான், புடிச்சு வெச்சிருந்த கவர்னர் விலகினதும் மொத்த முறுக்கும் ஒரே ஓட்டமா ஓடி பல்சக்கரத்துப் பல்லு எல்லாம் மழுங்கிப் போச்சு. அந்த ஒரு சக்கரத்துக்காக செத்துப்போன இன்னொரு மோட்டாரை விலைக்கு வாங்கிக் குடுத்தேன்.

சரி, தோலுக்கு வருவோம். முதல்ல கழட்டவே வேண்டாம், தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு அதுல விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. கவர்னர் தண்டோட ரெண்டு முனைக்கும் ஒவ்வொரு சொட்டு. தேங்காண்ணெய் விடாதீங்க, ஒரு மழைக்காலம் போனா பிசின் மாதிரி ஒட்டிக்கும். காலைல ஓட்டிப் பாருங்க, பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிடும். ஆகலைன்னா தோலைப் பிச்செடுத்துட்டு பழைய பெல்ட்டுல இருந்து அதே அளவு வெட்டி வைங்க, நிஜத் தோலா இருக்கணும், ரெக்சின் வெச்சீங்கன்னா எண்ணெய் குடிக்காது.

ஸ்பிரிங்கையும் பாத்துடுங்க, லென்ஸ் வெச்சு ஸ்க்ரூ போற ஓட்டை கிட்ட பாருங்க, விரிசல் விட்டா பெரும்பாலும் அங்கதான் விடும். ஒண்ணு போயிருந்தாலும் மூணையும் சேத்து மாத்துங்க, மூணும் ஒரே கனம் இருக்கணும், இல்லன்னா ஒரு குண்டு அதிகமா விரியும், மொத்தமும் ஆட்டம் காணும். மாட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் லூஸா போட்டுட்டு, ஸ்பிரிங் முறுக்கிக்காம நேரா நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் இறுக்குங்க. திரும்ப மோட்டார்ல வெக்கும்போது தண்டு ரெண்டு புஷ்ஷுக்கு, அதாவது தண்டு முனை உக்கார்ற ஓட்டை போட்ட துண்டுக்கு, நடுவுல லேசா, ஒரு பேப்பர் கனம் அளவு அசையணும். அந்தப் புஷ்ஷுல ஓட்டை சரியா நடுவுல இருக்காது, தேஞ்சு போச்சுன்னு நினைச்சுக்காதீங்க, வேணும்னே அப்படிப் பண்ணது, அதைத் திருப்பினா வார்மும் பல்லும் எவ்ளோ நெருக்கமா சேருதுன்னு மாறும். ரொம்ப நெருக்கினா உறுமும்.

நடுக்கம் இல்லாம டொக்குனு ஒரு குதி குதிச்சா அது கவர்னரே இல்ல, பெரிய ஸ்பிரிங் உள்ள கிரீஸ் கட்டியாயிடுச்சுன்னு அர்த்தம், அது வேற கதை.

ஸ்பீடு செக் பண்றது பத்தியும் சொல்லிடுறேன். நெட்ல கோடு போட்ட வட்டம் கிடைக்குது, பிரிண்ட் எடுத்து தட்டு மேல வெச்சு லைட்ல பாக்குறது, ஸ்பீடு சரியா இருந்தா கோடு அசையாம நிக்குற மாதிரி தெரியும். நம்ம ஊர்ல கரண்ட்டு 50 சைக்கிள், அதனால 77 கோடு இருக்குறதைத்தான் எடுக்கணும். நிறைய பேரு அமெரிக்காவுக்குப் போட்ட 92 கோடு வட்டத்தை எடுத்துட்டு, கோடு நிக்குது ஆனா பாடகர் தூக்கத்துல பாடுறாருங்குறாங்க, நிக்கத்தான் செய்யும், ஆனா தட்டு ஓடுறது 65ல. லைட்டும் பழைய சோக் டியூப்லைட்டா இருக்கணும், நிறைய எல்இடில கோடு நிக்கவே நிக்காது. இதெல்லாம் இல்லன்னா ரெக்கார்டுக்குக் கீழ ஒரு பேப்பர் துண்டு சொருகி அரை நிமிஷம் எண்ணுங்க, 39 தடவை வரணும். ஊசியை ரெக்கார்டு மேல வெச்சுட்டுத்தான் எண்ணணும், ஊசி இழுக்குற இழுவையும் கணக்குல வரணும்ல.

எண்ணெய் விட்டு, தோலும் மாத்திப் பாத்து, அப்பவும் நடுங்குச்சுன்னா தட்டை எடுத்துட்டு கவர்னர் ஓடுறதை கிட்டத்துல ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க தம்பி, பாத்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் ஸ்பிரிங்குக்கு காசு அனுப்பாதீங்க.