வெட்டினா வெளிச்சம் எப்படிக் கூடும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன காணொலிக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா என்னை விடவே இல்லை. ஒரு எம்.எஸ்சி. மாணவி கேட்டிருக்காங்க: "செல்கள் கொலாஜனைச் சிதைக்குதான்னு பார்க்க, ஒளிரும் சாயம் ஒட்டின கொலாஜனைக் கொடுப்போம், சிதையச் சிதைய பச்சை வெளிச்சம் கூடும்னு சொன்னீங்க. விளக்கை உடைச்சா வெளிச்சம் போகத்தானே செய்யும் சார்? எப்படிக் கூடும்?"

அருமையான கேள்விம்மா. விளக்கு உடையறதில்லை. விளக்குங்கறது சாயம், ஃப்ளூரெசின். வெட்டுப்படுறது அது ஒட்டியிருக்கிற கொலாஜன், நம்ம தோல், எலும்பு, தசைநாணுக்கெல்லாம் பலம் கொடுக்கிற புரதம். சாதாரணமா ஃப்ளூரெசின் மேல நீல ஒளி பட்டா அது பச்சையைத் திருப்பித் தரும். ஆனா இந்தக் கொலாஜன்ல வேணும்னே சாயத்தை அளவுக்கு மீறி ஏத்தியிருப்பாங்க. ஒரு சாயத்துக்கும் அடுத்த சாயத்துக்கும் நடுவுல சில நானோமீட்டர்தான் இடைவெளி. ஒண்ணு வாங்கின சக்தியைப் பச்சையா வெளியே விடறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறது வாங்கிக்கும், அது இன்னொண்ணுக்குக் கொடுக்கும். பத்து கை மாறின பணம் மாதிரி, கடைசியில வெப்பமா கரைஞ்சு போயிடும். அதனால முழுசா இருக்கிற கொலாஜன் மங்கலாத்தான் தெரியும். என்சைம் வந்து வெட்டினதும் துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் மிதந்து போகும். அப்புறம் கைமாத்த ஆள் ஏது? வாங்கின சக்தி பச்சையா வெளியே வருது. டிக்யூ கொலாஜன், டிக்யூ ஜெலட்டின்னு விக்கறதெல்லாம் இந்த வகைதான்.

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனா அவங்க அடுத்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. வெட்டுப்பட்டது கொலாஜன்தானா?

கொலாஜன்னா முப்புரிக் கயிறு. நம்ம பழைய நேயர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் திரும்பச் சொல்றேன். மூணு சங்கிலி ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு, 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன்ல நிக்கிற கயிறு கொலாஜன். இந்த முறுக்கைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துல. 1952-ல பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல் சென்னைக்கு வந்தப்ப, கொலாஜனோட அமைப்பு இன்னும் சரியா பிடிபடலைன்னு ஜி.என். ராமச்சந்திரன்கிட்ட சொன்னார். 1954-ல ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூணு சங்கிலின்னு சொன்னாங்க. அதுக்குப் படம் எடுக்க ஆஸ்திரேலியாவிலேர்ந்து கங்காரு வாலோட தசைநாணை வரவழைச்சாங்க. இன்னிக்கும் லேப்ல கொலாஜன் ஜெல் போட பெரும்பாலும் எலி வால்தான். கொலாஜனை வெட்டுற கொலாஜனேஸ் என்சைம் பிடிபட்டதும் வால்லதான்! 1962, பாஸ்டன். ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும். தலைப்பிரட்டை தவளையா மாறும்போது வால் எங்கே போகுது? அந்த வால் திசுவை உயிரோட ஒரு வெள்ளையான கொலாஜன் ஜெல் மேல வச்சுட்டாங்க. திசுவிலேர்ந்து வந்த என்சைம் கொலாஜனைச் சிதைக்க, திசுவைச் சுத்தி ஜெல் கண்ணாடி மாதிரி தெளிஞ்சுது. சாயமும் இல்லை, ஒளிர்வும் இல்லை, வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சது.

சரி, முறுக்குக்கு வருவோம். முறுக்கு இருக்கிற வரைக்கும் டிரிப்சின் மாதிரி சாதாரண என்சைம் அந்தக் கயிறை ஒண்ணும் பண்ண முடியாது. கொலாஜனேஸ் அதுல ஒரே ஒரு இடத்துல வெட்டும், முக்கால் துண்டு, கால் துண்டுன்னு பிரியும். அந்தத் துண்டுகள் உடம்புச் சூட்டுல தானா முறுக்கவிழ்ந்து ஜெலட்டின் ஆகும். அப்புறம் யார் வேணா கடிக்கலாம். வீட்ல ஆட்டுக்கால் சூப் வைக்கிறோமே, ஆறினதும் கட்டியா உறையுதே, அது முறுக்கவிழ்ந்த கொலாஜன்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் ஆராய்ச்சி பண்ணின காலத்துல இதுல அடிபட்டிருக்கேன். ஜெலட்டினை 50 டிகிரி வெந்நீர்ல வச்சுக் கரைக்கணும். அதே மாதிரி கொலாஜன் குப்பியையும் வெந்நீர்ல வச்சுட்டோம். கொலாஜனை அப்படிச் சூடாக்கவே கூடாது. மூணு வாரம் எந்தச் செல்லைப் போட்டாலும் பச்சைப் பசேல்னு வந்துது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கலை. அப்புறம் ஒருநாள் தட்டுல இருக்கிற ஒரு வெல்லுல, அதாவது ஒரு சின்னக் குழியில, செல்லே போடாம, வெறும் டிரிப்சின் மட்டும் விட்டுப் பார்த்தோம். அதுவும் அதே அளவுக்குப் பச்சை. மூணு வாரமா நாங்க அளந்தது கொலாஜன் சிதைவே இல்லை, ஜெலட்டின். அத்தனை தட்டையும் தூக்கிப் போட்டோம். அன்னிலேர்ந்து எந்தச் சோதனையிலயும் ஒரு டிரிப்சின் வெல் வைக்காம நான் இருந்ததில்லை.

இன்னொண்ணு, வெளிச்சம் எங்கே தெரியுதுங்கறது. தட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்ல வச்சு மொத்தமா ஒரு எண் எடுத்துட்டா இது தெரியவே தெரியாது. டெட்ராய்ட்ல வெயின் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பானி ஸ்லோன் குழு, உயிரோட இருக்கிற மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு டிக்யூ கொலாஜன் நாலாம் வகையைக் கொடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. பச்சை செல்லுக்கு வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் தெரிஞ்சது. அதாவது, செல் கொலாஜனை விழுங்கி, உள்ளே லைசோசோம்ங்கற செரிமானப் பையில கதெப்சின்ங்கற என்சைம்களை வச்சும் சிதைக்குது. கொலாஜனேஸ் மாதிரி வெளியே வெட்டுற எம்.எம்.பி. வகை என்சைம்களை மட்டும் மருந்து போட்டு அடக்கினா, உள்வழி திறந்தேதானே இருக்கும்?

அதனால நீங்க இதைச் செய்ங்கம்மா. நாலு வெல் எடுத்துக்குங்க. ஒண்ணுல செல் மட்டும். அடுத்ததுல செல்லோட ஜி.எம்.6001, அது எம்.எம்.பி.யை அடக்கும். மூணாவதுல செல்லோட ஈ-64டி, அது செல்லுக்குள்ள போய் கதெப்சின் பி, எல் இதுகளை அடக்கும். நாலாவதுல செல் வேண்டாம், டிரிப்சின் மட்டும். முதல்ல நாலாவது வெல்லைப் பாருங்க. அது மங்கலா இருந்தா மத்த மூணையும் மைக்ராஸ்கோப் அடியில வச்சு, பச்சை செல்லோட ஓரத்துல இருக்கா, உள்ளே புள்ளிப் புள்ளியா இருக்கான்னு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க.