மூண்டு தரம் திருப்பி அனுப்பின பேப்பர்

வணக்கம் நேயர்களே. கம்பியூட்டர் அல்கொரிதம் ஆராய்ச்சிக்காரர் கூடுற கொன்பரன்ஸ் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ எண்டு ரேடியோக்காரர் கேட்டவை, ஏழெட்டு நிமிசம் தந்திருக்கினம், நான் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டிறது கஷ்டம் எண்டு வீட்டில சொல்லுவினம், பாப்பம்.

அல்கொரிதம் எண்டா பயப்பிட ஒண்டுமில்ல. போனை எடுத்து திருகோணமலையில இருந்து மூதூருக்கு வழி கேட்டா டக்கெண்டு கிட்டடிப் பாதையைக் காட்டுதெல்லோ, அதுக்குப் பின்னால இருக்கிற கணக்குப் போடுற முறைதான் அது. இந்த முறைகளைக் கண்டுபிடிக்கிற ஆக்கள் வருசா வருசம் கூடுற பெரிய இடங்கள் மூண்டைச் சொல்லலாம். ஃபொக்ஸ் எண்டது 1960ல வேற பேரோட தொடங்கினது, ஸ்டொக் 1969ல, பிறகு 1990ல இருந்து சோடா. (சோடா எண்டவுடன சிரிக்காதைங்கோ, அது ஜனவரியில நடக்கிற பெரிய கொன்பரன்ஸ்.)

இதில வெளி ஆக்களுக்கு விளங்காத ஒரு விசயம் இருக்கு. டொக்டர்மாருக்குக் கொன்பரன்ஸ் எண்டா செய்ததைப் போய்ச் சொல்லிட்டு வாறது, உண்மையான பேப்பர், அதாவது ஆராய்ச்சிக் கட்டுரை, பிறகு ஜேர்னல் எண்ட ஆராய்ச்சிச் சஞ்சிகையிலதான் வரும். எங்கட துறையில தலைகீழ், கொன்பரன்ஸ்ல எடுபட்டாத்தான் ஆளுக்குப் பேர், வேலையும் அதை வைச்சுத்தான் கிடைக்கும். 1971ல ஸ்டீவன் குக் எண்டவர் பி, என்பி எண்ட கேள்விக்கு (ஒரு விடை சரியோ எண்டு கெதியாப் பாக்கக்கூடிய கணக்கெல்லாத்துக்கும் விடையையும் கெதியாக் கண்டுபிடிக்கலாமோ எண்டதுதான் அது) அத்திவாரம் போட்ட பேப்பரைக் குடுத்ததும் ஸ்டொக்லதான், அந்தக் கேள்விக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவிச்சும் இண்டுவரைக்கும் ஒருத்தரும் விடை சொல்லேல்ல.

சரி, எப்பிடி எடுக்கினம்? ஒரு டெட்லைன் இருக்கும், அதுக்கு முதல் ராத்திரி உலகம் முழுக்க ஒருத்தரும் நித்திரை கொள்ளுறேல்ல. பேப்பர் போனதும் ஒரு கொமிட்டி பங்கு பிரிச்சு வாசிக்கும், ரெண்டு மூண்டு மாசத்தில முடிவு வரும், வந்ததில ஏறத்தாழ மூண்டில ஒண்டைத்தான் எடுப்பினம். மிச்ச ஆக்களுக்கு "வருந்துகிறோம்" எண்டு தொடங்கிற மெயில். இந்த மெயிலைப் பற்றித்தான் நான் கதைக்க வந்தனான், மற்றதெல்லாம் முன்னுரை.

ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ள்ஸ் ராக்கோஃப் எண்டு மூண்டு பேர் ஒரு பேப்பர் எழுதினவை. ஒரு இரகசியம் எனக்குத் தெரியும் எண்டதை, அந்த இரகசியத்தில ஒரு சொட்டும் வெளியில விடாம உங்கள நம்பப் பண்ணலாமா எண்டதுதான் கேள்வி. கேக்க மாயாஜாலம் மாதிரி இருக்கெல்லோ? இப்பிடிப் பாருங்கோ. நிலாவெளிக் கிணத்துத் தண்ணியில போட்ட பிளேன்ரீயையும் உப்புவெளிக் கிணத்துத் தண்ணியில போட்ட பிளேன்ரீயையும் குடிச்ச உடன பிரிச்சுச் சொல்லுவன் எண்டு நான் சொல்லுறன், நீங்கள் நம்பேல்ல, உங்களுக்கு ரெண்டும் ஒரே ருசி. அப்ப நீங்கள் குசினிக்குள்ள போய் ஒரு காசைச் சுண்டி, பூ விழுந்தா இது, தலை விழுந்தா அது எண்டு ஒரு கோப்பையைக் கொண்டு வாங்கோ, நான் குடிச்சிட்டுச் சொல்லுறன். ஒருக்கா சரியாச் சொன்னா குருட்டு வாக்கு எண்டு சொல்லலாம். இருபது தரம் தொடர்ந்து சரியாச் சொன்னா? குருட்டு வாக்கில அப்பிடி வர பத்து இலட்சத்தில ஒரு சந்தர்ப்பம்தான் இருக்கு. நீங்கள் நம்பித்தான் ஆகோணும், ஆனா நான் எப்பிடிப் பிரிக்கிறன் எண்டது உங்களுக்கு இப்பவும் தெரியாது, பாருங்கோ, ஒரு சொட்டும் தெரியாது!

இப்பிடிப்பட்ட பேப்பர் என்ன ஆச்சு தெரியுமோ? 1983 ஃபொக்ஸ்ல ரிஜெக்ட். 1984 ஸ்டொக்ல ரிஜெக்ட். அதே வருசம் ஃபொக்ஸ்ல திரும்பவும் ரிஜெக்ட். 1985ல தான் ஸ்டொக் எடுத்தது. அதுக்குப் பிறகு 1993ல எங்கட துறையின்ர பெரிய பேப்பர்களுக்குக் குடுக்கிற கோடல் பரிசை முதல் முதல் குடுத்த நேரம் அதில இந்தப் பேப்பரும் இருந்தது, கோல்ட்வாசருக்கும் மிக்காலிக்கும் கம்பியூட்டர் துறையின்ர ஆகப் பெரிய விருதான டியூரிங் விருதும் 2012க்குக் கிடைச்சது. மூண்டு தரம் திருப்பி அனுப்பின பேப்பர்! இதை நான் வகுப்பில ஒவ்வொரு வருசமும் சொல்லுறன், பிள்ளைகளுக்குப் பாடமாப் போச்சு, நான் வாய் திறக்க முதல் அவையே "மூண்டு தரம் சேர்" எண்டு சொல்லுவினம்.

கொமிட்டி மோசமான ஆக்கள் எண்டு நான் சொல்ல வரேல்ல. வாசிக்கிறவைக்கும் நேரமில்ல, புதுசா ஒண்டைக் கண்டா தலையில ஏறவும் நாள் எடுக்கும். 2014ல நிப்ஸ் எண்ட கொன்பரன்ஸ்காரர், அது மெஷின் லேர்னிங் ஆக்கள்ர, பக்கத்து வீடு மாதிரி, ஒரு சோதனை செய்தவை. 166 பேப்பரை ரெண்டு கொமிட்டிக்கும் தனித்தனியாக் குடுத்துப் பாத்தா, 43 பேப்பரில ஒரு கொமிட்டி வேணும் எண்டுது, மற்றது வேண்டாம் எண்டுது. நாலில ஒண்டு தானே எண்டு நினைக்காதைங்கோ, ஒரு கொமிட்டி எடுத்த பேப்பர்களில பாதிக்கு மேல மற்றக் கொமிட்டி தள்ளியிருந்தது. அப்ப எங்கட பிள்ளை ஒண்டு முதல் ரிஜெக்டைப் பாத்திட்டு "எனக்கு இது சரிவராது" எண்டு கொழும்பில வேலை தேடிப் போனா எனக்குக் கோபம் வரும், பிள்ளையில இல்ல, ரிஜெக்ட் எண்டா என்னெண்டு முதலே சொல்லிக் குடுக்காத எங்களில.

ஐயோ, கண்ணாடிக்கு அங்கால இருந்து கை காட்டுகினம், ரெண்டு நிமிசம்தானாம். விசாக் கதை, பதிவுக் கட்டணக் கதை எல்லாம் சொல்ல இருந்தன், விடுவம். ஒண்டை மட்டும் சொல்லுறன். கொரோனா நேரம், 2020ல, சிக்காகோவில நடக்க இருந்த ஸ்டொக் முழுக்க ஒன்லைனுக்கு வந்தது, அதுக்குப் பிறகு கன பேச்சுக்கள் வீடியோவாக் கிடக்கு, இஞ்ச உவர்மலையில இருந்தும் பாக்கலாம். பக்கத்தில இந்தியாவில எஃப்எஸ்டிடிசிஎஸ் எண்டு 1981ல தொடங்கின கொன்பரன்ஸ் ஒண்டு இருக்கு, ஒவ்வொரு டிசம்பரும் நடக்கும், 2008ல இருந்து அதின்ர பேப்பரெல்லாம் ஆரும் காசில்லாம இறக்கி வாசிக்கலாம். கம்பஸ்ல படிக்கிற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தா முதல் அதில ரெண்டைத் தேடி எடுத்து வாசியுங்கோ, முழுக்க விளங்காட்டிலும் முன்னுரையை எண்டாலும் வாசியுங்கோ. பாட்டுப் போடப் போகினமாம், நான் வைக்கிறன், வணக்கம்.