ரீகால் ஏர்பேக், பார்ட் ஸ்டாக் இல்லைங்கிறாங்க, என்ன பண்றது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம் மக்களே. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மண்டைக்குள்ளயே நிக்குது, அதனால மத்தத எல்லாம் அடுத்த வீடியோவுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்குறேன். தூத்துக்குடியில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, அப்படியே படிக்கிறேன். "அண்ணா, 2011 மாடல் செடான் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன். சர்வீசுக்கு விட்டப்போ டிரைவர் சைடு ஏர்பேக் ரீகால் பெண்டிங் இருக்குன்னு சொன்னாங்க. மாத்திக் குடுங்கன்னா பார்ட் ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டிருக்கோம், வந்ததும் கூப்பிடுறோம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு, ஃபோன் வரல. அதுவரைக்கும் ஓட்டலாமா? ஃபியூஸ புடுங்கிடவா? சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட் மார்க்கெட்டுல ஏர்பேக் வாங்கி மாட்டிக்கலாமா? வண்டி ஐம்பதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடலண்ணா, எனக்கென்ன ஆகப்போகுது?"

ரீகால்னா, ஒரு பார்ட்ல கோளாறுன்னு கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்பிட்டு ஃப்ரீயா மாத்திக் குடுக்குறது. என் மண்டைக்குள்ள நிக்குறது அந்த கடைசி வரிதாங்க. நம்ம சேனல ரெகுலரா பாக்குறவங்களுக்கு தெரியும், டயர் வீடியோவுல சொன்னேன், பிரேக் ஹோஸ் வீடியோவுலயும் சொன்னேன், கிலோமீட்டர பாக்காதீங்க, வருஷத்த பாருங்கன்னு. இந்த ஏர்பேக் விஷயத்துல அது டயர விட பத்து மடங்கு உண்மை. தம்பி, உங்க வண்டி கம்மியா ஓடியிருக்குன்னா மீதி நேரமெல்லாம் எங்க நின்னுச்சு? தூத்துக்குடி வெயில்ல, கடல் காத்துல நின்னுச்சு. இந்த பார்ட் கெட்டுப்போறதே அப்படி நிக்கிறப்பதான்.

எப்படின்னு சொல்றேன். ஸ்டீயரிங் நடுவுல ஹாரன் பேடுக்கு உள்ள ஒரு சின்ன உலோக டப்பா இருக்கும், உள்ளங்கையில அடங்குற சைஸ்தான், அதுக்கு பேருதான் இன்ஃப்ளேட்டர். அதுக்குள்ள மாத்திரை மாதிரி அழுத்தி வச்ச ஒரு எரிபொருள் இருக்கும். வண்டி மோதுனதும் சென்சார் சிக்னல் குடுக்கும், அந்த மாத்திரை எரிஞ்சு கேஸ் ஆகும், கண்ண சிமிட்டுறதுக்குள்ள பை ஊதிடும். டகாட்டான்னு ஒரு ஜப்பான் கம்பெனி, 1933ல நெசவு கம்பெனியா ஆரம்பிச்சு அப்புறம் சீட் பெல்ட், ஏர்பேக்னு வந்தவங்க, 2000 வாக்குல இந்த மாத்திரைக்கு அம்மோனியம் நைட்ரேட் போட ஆரம்பிச்சாங்க. உரத்துக்கு போடுறாங்களே, குவாரியில வெடிக்கு யூஸ் பண்றாங்களே, அதேதான். விலை கம்மி. ஆனா அது ஈரத்த இழுக்கும், வெப்பம் ஏறி இறங்க ஏறி இறங்க உள்ளுக்குள்ள மாறிக்கிட்டே இருக்கும். பகல்ல வெயில்ல வண்டி கொதிக்குது, ராத்திரி குளிருது, மறுநாள் திரும்ப கொதிக்குது, இப்படியே பத்து வருஷம் போனா கெட்டியா இருந்த மாத்திரை வெடிப்பு விட்டு பொடிஞ்சு போயிடும். பெரிய விறகு கட்டை அடுப்புல நின்னு எரியும், அதையே சிராய் சிராயா பொளந்து போட்டா குப்புன்னு ஒரே நேரத்துல பத்திக்கும் இல்லையா, அங்க நடக்குறதும் அதுதான். அழுத்தம் டப்பா தாங்குற அளவுக்கு மேல போயி, டப்பாவே தெறிச்சு, உலோகத் துண்டுங்க பைய கிழிச்சுக்கிட்டு நேரா கழுத்துக்கும் முகத்துக்கும் வருது.

2009ல அமெரிக்காவுல ஓக்லஹோமாவுல ஒரு பார்க்கிங் இடத்துல சின்னதா ஒரு மோதல், சாதாரணமா கீழ இறங்கி பம்பர பாத்துட்டு போற மாதிரி மோதல், அதுல ஒரு சின்னப் பொண்ணு செத்துப்போச்சு. அமெரிக்காவுல மட்டும் இதுவரைக்கும் 25 பேருக்கு மேல இறந்திருக்காங்க, காயம் பட்டவங்க நூத்துக்கணக்குல. அமெரிக்காவுக்கு வெளிய முதல் சாவு எங்க தெரியுமா, மலேசியாவுல, 2014ல. அதுக்கப்புறமும் அங்க சில பேர் போயிட்டாங்க. மலேசியாவுல இருந்து பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, பழைய வண்டி வச்சிருந்தா இன்னைக்கே செக் பண்ணுங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலம், அப்புறம் மலேசியான்னு ஏன் வரிசையா வருது? வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊருங்க. நம்ம சென்னை, கடலூர், தூத்துக்குடி எல்லாம் அதே கணக்குதான். அதனாலதான் கிலோமீட்டர பாக்காதீங்கன்னு தொண்டத் தண்ணி வத்த சொல்றேன்.

சரி, பார்ட் ஏன் கிடைக்கல? இதுல எனக்கு கோவம் ஜாஸ்தி. 2008ல முதல் ரீகால் வெறும் நாலாயிரம் வண்டிக்குத்தான். சின்ன தயாரிப்பு கோளாறுன்னாங்க. 2013ல 34 லட்சம் ஆச்சு. 2015 மே மாசம் ஒரே அறிவிப்புல அமெரிக்காவுல மட்டும் 3 கோடியே 38 லட்சம் வண்டி. இப்ப யோசிச்சு பாருங்க, 2014 கடைசியில டகாட்டா மாசத்துக்கு மூணரை லட்சம் மாத்து பார்ட்தான் செய்யுறோம்னு சொல்லுச்சு. கோடிக்கணக்குல வேணும், லட்சக்கணக்குலதான் வருது. வேற கம்பெனிங்க, ஆட்டோலிவ், டைசெல் எல்லாரும் செஞ்சு குடுத்தாங்க, ஆனா ஒவ்வொரு மாடலுக்கும் இன்ஃப்ளேட்டர் டிசைன் வேற, டெஸ்ட் பண்ணாம மாட்ட முடியாது, அதுக்கே காலம் போகும். சில வண்டிக்கு வேற வழி இல்லாம அதே வகை புது இன்ஃப்ளேட்டரையே தற்காலிகமா மாட்டி, பின்னாடி மறுபடியும் கூப்பிட்டு மாத்துனாங்க. புதுசுங்கிறதால அது உடனே வெடிக்காது, அந்த நம்பிக்கையில. 2017ல டகாட்டா டெஸ்ட் ரிசல்ட்டுகள மறைச்சத கோர்ட்டுல ஒத்துக்கிச்சு, நூறு கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு, அந்த வருஷம் ஜூன்லயே திவால். கம்பெனியே போச்சு, ரோட்டுல ஓடுற டப்பா மட்டும் மிச்சம்.

பார்ட் பத்தாதப்போ யாருக்கு முதல்ல குடுக்குறது? அமெரிக்க அரசு சரியான வேலை ஒண்ணு பண்ணுச்சு. நாட்ட சூடு, ஈரத்த வச்சு மூணு மண்டலமா பிரிச்சு, பழைய வண்டி, வெப்ப ஊருன்னு வரிசை போட்டு பார்ட்ட அனுப்புனாங்க. 2001லிருந்து 2003 வரைக்கும் வந்த சில ஹோண்டா வண்டிகள்ல டெஸ்ட் பண்ணப்போ வெடிக்கிற வாய்ப்பு 50 சதவீதம் வரைக்கும் வந்துச்சு, அந்த வண்டிகள ஓட்டாதீங்க, டீலர்கிட்ட கொண்டு போறதுக்கு மட்டும் எடுங்கன்னு 2016ல சொல்லிட்டாங்க. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேல போய் 2018ல கட்டாய ரீகால்னு அரசே உத்தரவு போட்டுச்சு, மாத்தலன்னா பல மாநிலத்துல ரெஜிஸ்ட்ரேஷனே ரினியூ ஆகாது. இது பழைய கதைன்னு நினைக்காதீங்க, 2025 ஜூன்ல பிரான்ஸ்ல ரீம்ஸ்ங்கிற ஊர்ல ஒரு பெண் இறந்த பிறகு பழைய சிட்ரோன் சி3 வண்டிகள ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ஜனங்க வண்டிய நிறுத்திட்டு பார்ட்டுக்கு வரிசையில நின்னாங்க.

இப்ப தம்பி கேட்டதுக்கு வர்றேன். ஓட்டலாமாங்கிறதுக்கு பதில் உங்க ரீகால் அறிவிப்புலயே இருக்கும். "ஓட்டாதீங்க"ன்னு இருந்தா ஓட்டாதீங்க, அதுக்கு மேல பேச்சு இல்ல. அப்படி இல்லன்னா தேவைக்கு மட்டும் எடுங்க. சீட்ட பின்னாடி தள்ளி உங்க நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல குறைஞ்சது 25 சென்டிமீட்டர் இருக்குற மாதிரி உக்காருங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் ஸ்டீயரிங்க கட்டிப்புடிச்சுக்கிட்டுதான் ஓட்டுறாங்க, அது எந்த வண்டியிலயும் தப்பு. பெல்ட் கண்டிப்பா. பேசஞ்சர் சைடு ரீகால்னா முன்னாடி யாரையும் உக்கார வைக்காதீங்க, அம்மாவா இருந்தாலும் பின் சீட்டுதான். 2014ல டொயோட்டாவே அமெரிக்காவுல பார்ட் இல்லாத வண்டிகள்ல பேசஞ்சர் ஏர்பேக்க ஆஃப் பண்ணி "இங்க உக்காராதீங்க"ன்னு எழுதி ஒட்டிக் குடுத்துச்சு.

ஃபியூஸ் புடுங்குறது வேணாம். கம்பெனி ஆஃப் பண்றது வேற, நாம புடுங்குறது வேற. நிறைய வண்டியில அதே லைன்ல சீட் பெல்ட்ட இழுத்துப் புடிக்கிற ப்ரீடென்ஷனரும் இருக்கு, அதுவும் சேர்ந்து போயிடும். அப்புறம் பெரிய ஆக்சிடென்ட்ல உங்கள காப்பாத்த ஒண்ணும் இருக்காது. ரீகால் ஆன ஏர்பேக்ல பெரும்பாலானது சரியாதான் விரியுது, அத மறந்துடாதீங்க.

புதுப்பேட்டை. எனக்கு அந்த ஊரு மேல மரியாதை உண்டு, கதவு, கண்ணாடி, ஹெட்லைட், கியர்பாக்ஸ்னு அங்க இருந்து எடுத்து ஓடுற வண்டிங்க ஆயிரக்கணக்குல இருக்கு. ஆனா ஏர்பேக் வேணவே வேணாம் தம்பி. உங்க வண்டி வயசுதான் அதுக்கும், அதே வெயில்ல, சில சமயம் யார்டுல மழையிலயும் நின்ன வண்டியில இருந்து கழட்டுனது, அதுவே ரீகால் பீஸா இருக்கலாம். 2017ல லாஸ் வேகாஸ்ல ஒரு சின்னப் பொண்ணோட வண்டியில, அவங்களுக்கு தெரியாமலே, உடைஞ்ச வண்டியில இருந்து எடுத்த டகாட்டா ஏர்பேக் மாட்டியிருந்துச்சு, சின்ன மோதல்ல அது வெடிச்சு கழுத்துல அடிபட்டு தப்பிச்சாங்க. ஆன்லைன்ல புதுசு மாதிரி வர்ற மலிவு டூப்ளிகேட்டும் அப்படித்தான், 2024ல அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டப்போ அதனால மூணு பேர் இறந்திருந்தாங்க.

நீங்க கேக்காத ஒரு கேள்வி இருக்கு, உண்மையில அதத்தான் நீங்க கேட்டிருக்கணும்னு நினைக்கிறேன். இந்த ரீகால் இத்தன வருஷமா ஏன் முடியாம இருந்துச்சு? 2016ல ஹோண்டா மட்டும் இந்தியாவுல 1 லட்சத்து 90 ஆயிரம் வண்டிய இதுக்காக கூப்பிட்டுச்சு, மத்த கம்பெனிங்களும் கூப்பிட்டாங்க. லெட்டர் போச்சு, ஆனா முதல் ஓனர் அட்ரஸுக்கு போச்சு. அவரு வித்துட்டாரு, வாங்குனவரும் வித்துட்டாரு, கடைசியில வண்டி உங்ககிட்ட, லெட்டர் எங்கயோ ஒரு மாடி வீட்டு தபால் பெட்டியில. என் பக்கத்து தெருவுல ரிட்டயர்டு ஆசிரியர் ஒருத்தரு வண்டி, கவர் கூட போடாம வேப்ப மரத்தடியில நிக்கும், கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் எடுப்பாரு. அதுக்கு புரோக்கர் போட்ட விளம்பரம் என்ன தெரியுமா, "சிங்கிள் ஓனர், லோ கிலோமீட்டர், ஷோரூம் கண்டிஷன்". நானே வண்டியோட அடையாள நம்பரான சேஸிஸ் நம்பர கம்பெனி வெப்சைட்டுல போட்டு பாத்தேன், ரெண்டு ரீகால் பெண்டிங். அவரு பொய் சொல்லல பாவம், அவருக்கே தெரியாது. வாங்கப் போறவங்க டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி ஆர்.சி.ல இருக்குற அந்த 17 எழுத்து சேஸிஸ் நம்பர போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

நம்ம ஊர் சட்டத்துல 2021 ஏப்ரல்ல இருந்து கட்டாய ரீகால் விதி வந்திருக்கு, ஆனா அது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். இந்த பிரச்சினையே வயசான வண்டியிலதான் வருது! இத மாத்தணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். ஆனா கம்பெனி தானா அறிவிச்ச ரீகால் செகண்ட் ஹேண்ட் ஓனருக்கும் ஃப்ரீதான், வண்டியோடதான் அது போகும்.

அதனால தம்பி, வாய் வார்த்தைய விட்டுட்டு, சர்வீஸ் சென்டர்ல வேலைய எழுதிக் குடுக்குற ஜாப் கார்டுல "ரீகால் பெண்டிங், பார்ட் ஆர்டர்"னு தேதியோட எழுதி வாங்குங்க, ஆர்டர் நம்பரும் கேளுங்க. நிறைய தடவ ஆர்டரே போட்டிருக்க மாட்டாங்க, நம்பர் கேட்டாதான் போடுவாங்க. திருநெல்வேலி, மதுரை டீலர்கள்கிட்டயும் சேஸிஸ் நம்பர் சொல்லி ஸ்டாக் விசாரிங்க. கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, அதுல கடலோர ஊரு, வண்டி வெளிய நிக்குதுன்னு எழுதுங்க, முன்னுரிமை கேளுங்க, பார்ட் வர்ற வரைக்கும் மாத்து வண்டி குடுப்பீங்களான்னும் கேளுங்க. பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசஞ்சர் சைடுக்கும் தனியா செக் பண்ணுங்க, ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற வருஷம் ரீகால் வந்திருக்கலாம், ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. மாட்டுனதும் கழட்டுன பழைய இன்ஃப்ளேட்டர அங்கயே விட்டுட்டு வாங்க, கையில தூக்கிட்டு வீட்டுக்கு வராதீங்க, அத பத்திரமா அழிக்க வேண்டியது அவங்க பொறுப்பு.